‘ஹாய் கைஸ்’: எரிக்கப்பட்ட ஒருவரின் பெயர்

தமிழ் யூடியூப் காணொளிகளில் ‘வணக்கம்’ இருந்த இடத்தில் இப்போது அடிக்கடி ‘ஹாய் கைஸ்’ கேட்கிறது. அலுவலக வாட்ஸப் குழுவில் ‘கைஸ், மீட்டிங் நாலு மணிக்கு’ என்று தகவல் வருகிறது. கல்லூரி வாசலில் பெண்கள் நால்வர் ஒருவரையொருவர் ‘கைஸ்’ என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவு சாதாரணமாகிவிட்ட இந்தச் சொல் ஓர் ஆளின் பெயர். அவர் 1606-ல் லண்டனில் மரண தண்டனை பெற்றவர். ஆண்டுதோறும் அவருடைய உருவத்தை வைக்கோலில் செய்து எரித்தார்கள். அந்தக் கொடும்பாவிக்கு அவர் பெயரே பெயராக நின்றது. அங்கிருந்துதான் ‘கைஸ்’ புறப்பட்டது.

எரிக்கப்பட வேண்டிய ஒருவரின் பெயர் எல்லாரையும் நட்போடு அழைக்கும் சொல்லாக எப்படி மாறும்? இதற்குப் பாதி விடை வரலாற்றிலும் பாதி விடை ஆங்கில இலக்கணத்திலும் இருக்கிறது. தமிழ் பேசுபவர்களுக்கு அந்த இரண்டாம் பாதி எளிதில் பிடிபடும். ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாட்டோடு வளர்ந்தவர்கள் நாம்.

முதலில் உச்சரிப்பு

தமிழில் ‘கைஸ்’ என்று எழுதும்போது இரண்டு ஒலிகள் மறைந்துவிடுகின்றன. முதல் ஒலி ‘கை, கால்’ என்பதில் வரும் அழுத்தமான ‘க’ அல்ல. ‘மங்கை’, ‘கங்கை’ போன்ற சொற்களை நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ‘ங்’குக்குப் பின்னால் வரும் ‘கை’ சற்று இளகி ஒலிக்கும். ‘மங்’கை விட்டுவிட்டு அந்த ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுதான் ஒருமைச் சொல். ‘கய்’ என்று ‘ய்’ சற்றுத் தெளிவாகக் கேட்கட்டும்.

கடைசி ஒலியும் ‘பஸ்’ என்பதில் வரும் ‘ஸ்’ அல்ல. தொண்டையில் விரல் வைத்து ‘பஸ்ஸ்ஸ்’ என்று இழுத்தால் விரலில் அதிர்வு தெரியாது. தேனீ ரீங்கரிப்பதைப் போல அதே இடத்தில் நாக்கை வைத்துக் குரலைச் சேர்த்தால் அதிர்வு தெரியும். அந்த அதிரும் ஒலியில் முடிய வேண்டும்.

நடுவிலுள்ள உயிரொலியைக் கொஞ்சம் சறுக்கவிட்டு ‘கே’ என்று சொன்னால் அது வேறு சொல்லாகிவிடும். அது தன்பால் ஈர்ப்புள்ளவரைக் குறிக்கும் சொல். எழுத்திலும் இரண்டுக்கும் நடுவெழுத்து ஒன்றுதான் வேறுபடும். கைப்பேசியில் அவசரமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு அடிக்கடி நேரும் பிழை இது.

யார் அந்த மனிதர்?

கை ஃபாக்ஸ், 1570-ல் வட இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர். பிற்காலத்தில் கத்தோலிக்கராகி, நெதர்லாந்துப் பகுதியில் நடந்த போரில் ஸ்பெயின் படையில் சேர்ந்து போரிட்டார். அங்கே தம் பெயரின் இத்தாலிய வடிவமான ‘கிதோ’வை வைத்துக்கொண்டார். வெடிமருந்தைக் கையாளும் அனுபவமும் அங்கே கிடைத்தது.

அக்கால இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் தங்கள் வழிபாட்டை வெளிப்படையாக நடத்த முடியாது. அரசுத் திருச்சபைக்குப் போகாவிட்டால் அபராதம். 1603-ல் முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியபோது நிலைமை தளரும் என்று எதிர்பார்த்தார்கள், தளரவில்லை. ராபர்ட் கேட்ஸ்பி என்பவர் தலைமையில் ஒரு சிறு கூட்டம் சதி தீட்டியது. நாடாளுமன்றம் கூடும் நாளில் அரசரும் பிரபுக்களும் உள்ளே இருக்கும்போது கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்ப்பது திட்டம். பிரபுக்கள் அவைக்கு நேர் கீழே இருந்த நிலவறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அங்கே 36 பீப்பாய் வெடிமருந்தைச் சேர்த்து, மேலே விறகையும் கரியையும் அடுக்கி மறைத்தார்கள். திரி கொளுத்தும் பொறுப்பு ஃபாக்ஸுக்கு.

அக்டோபர் 26 அன்று மான்டீகிள் பிரபுவுக்கு, நாடாளுமன்றத்துக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கும் பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து நடந்த தேடுதலில், 1605 நவம்பர் 4 நள்ளிரவையொட்டி ஃபாக்ஸ் நிலவறையிலேயே பிடிபட்டார். பெயர் கேட்டபோது ‘ஜான் ஜான்சன்’ என்றார். லண்டன் கோபுரத்தில் சித்திரவதைக்குப் பிறகு அவர் வாக்குமூலத்தில் போட்ட கையெழுத்து இன்றும் இருக்கிறது. கை நடுங்கி, எழுத்தே உருவாகாமல், ‘கிதோ’ என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது. 1606 ஜனவரி 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் தண்டனை நிறைவேறியது.

சதிக்குத் தலைவர் கேட்ஸ்பிதான். ஆனால் அவர் நவம்பர் 8 அன்றே சண்டையில் சுடப்பட்டு இறந்துவிட்டார். வெடிமருந்துக்குப் பக்கத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவர் ஃபாக்ஸ் என்பதால், மக்கள் மனத்தில் தங்கியது அவர் பெயர்.

கொடும்பாவி

அரசர் உயிர் தப்பியதற்கு நன்றி சொல்ல, ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று வழிபாடு நடத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. 1859-ல்தான் அது நீக்கப்பட்டது. 250 ஆண்டுகளுக்கு மேல் அது அரசு அறிவித்த விழா. தேவாலயத்தில் வழிபாடு, தெருவில் சொக்கப்பனை போலப் பெருந்தீ.

தொடக்கத்தில் தீ மட்டும்தான். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தீயில் போப்பின் உருவத்தை எரிப்பது வழக்கமாயிற்று. ஃபாக்ஸின் உருவம் முக்கிய இடத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. செய்முறை எளிது. பழைய கால்சட்டை, சட்டை இரண்டையும் நுனியில் கட்டி, உள்ளே வைக்கோலோ கந்தலோ காகிதமோ திணிப்பார்கள். சாக்குப்பையால் தலை, அதற்கு ஒரு முகமூடி, மேலே கிழிந்த தொப்பி. அதைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துச் சிறுவர்கள் தெருத்தெருவாக இழுத்துப் போய், ‘கைக்கு ஒரு பென்னி’ என்று காசு கேட்பார்கள். நம் ஊரில் மழை பொய்த்த காலத்தில் கொடும்பாவி கட்டி இழுத்துப் போன வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. சேர்ந்த காசு பட்டாசுக்கு, பொம்மை தீக்கு.

அந்தப் பொம்மைக்குப் பெயர் ‘கை’. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஒன்று கட்டினார்கள். ஆகவே ‘ஒரு கை’, ‘மூன்று கைஸ்’ என்று எண்ணிச் சொல்ல வேண்டி வந்தது. ஒருவரின் இயற்பெயர் எண்ணக்கூடிய பொதுப்பெயரானது இந்த இடத்தில்தான். பொம்மை என்ற பொருளில் இச்சொல் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுத்தில் வந்துவிட்டது. சகுனி, கும்பகர்ணன் என்ற பெயர்களை நாம் ஆட்களுக்குச் சூட்டுகிறோமே, அதுபோன்ற மாற்றம்.

(பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு இந்த நாள் வேறு வகையிலும் நெருக்கம். தீபாவளியும் நவம்பர் 5-உம் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். இங்கிலாந்தில் பொதுவாக இரவு 11 மணிக்கு மேல் பட்டாசு வெடிக்கக் கூடாது. நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரைக்கும், தீபாவளியன்று பின்னிரவு 1 மணி வரைக்கும் விதி தளர்கிறது.)

பொம்மை ஆளாகிறது

அடுத்த படி இயல்பாகவே நிகழ்ந்தது. கசங்கிய உடையும் பொருந்தாத தொப்பியுமாக ஒருவர் வந்தால் நாம் ‘சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி வந்திருக்கான்’ என்கிறோம். 1830களில் ஆங்கிலேயர்கள் அப்படிப்பட்டவரை ‘கை’ என்றார்கள். அப்போது அது ஏச்சு. ஒருவரைக் கேலிக்குரியவராக்குவது என்ற பொருளில் வினையாகவும் அது வழங்கியது. அந்த வினை இன்றைக்கு ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

ஏச்சு எப்படி மறைந்தது என்பதற்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்களிலும் நவம்பர் 5 கொண்டாடப்பட்டது. ஆனால் அங்கே அதன் பெயர் ‘போப் இரவு’. பாஸ்டனில் வடக்குத் தெருக்காரர்களும் தெற்குத் தெருக்காரர்களும் ஆளுக்கொரு வண்டியில் போப் உருவத்தை ஏற்றிவந்து மோதிக்கொள்வார்கள். விடுதலைப் போர் தொடங்கிய 1775-ல் ஜார்ஜ் வாஷிங்டன் தம் படையினர் இதைக் கொண்டாடக் கூடாது என்று கட்டளையிட்டார். கனடாவின் கத்தோலிக்கர்களை நட்பாக்க முயலும் நேரத்தில் போப்பை எரிப்பது அறிவீனம் என்பது அவர் வாதம். ஆங்கில அரசர் உயிர் தப்பியதைக் கொண்டாட அமெரிக்கர்களுக்குப் பிறகு காரணமும் இல்லை. விழா தேய்ந்து மறைந்தது.

சொல் மட்டும் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. வைக்கோல் பொம்மையைப் பார்த்தறியாதவர் காதில் ‘கை’ என்று விழுந்தால் ஏளனம் உறைக்காது, ‘யாரோ ஓர் ஆள்’ என்பது மட்டும் எஞ்சும். 1840களின் பிற்பகுதியில் அமெரிக்க எழுத்துகளில் இச்சொல் வெறும் ‘ஆள்’ என்ற பொருளில் வரத் தொடங்குகிறது. பிரிட்டனில் அந்தப் பொருள் பரவலானது பிறகுதான், அமெரிக்க வழக்கின் செல்வாக்கில். அங்கே அந்த இடத்தைச் ‘சாப்’, ‘ப்ளோக்’ என்ற சொற்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தன.

ஆங்கிலத்தில் விழுந்த ஓட்டை

‘ஆள்’ என்ற பொருளோடு இச்சொல் நின்றிருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது முன்னிலைச் சுட்டுக்குள் நுழைந்ததுதான் முக்கியம்.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரை அழைக்க ‘தௌ’, பலரை அழைக்க ‘யீ’. பலரைக் குறிக்கும் அந்தச் சொல் செயப்படுபொருளாக வரும்போது ‘யூ’ ஆகும். ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டிலிருந்து, பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, மதிப்புக்குரிய ஒருவரையும் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். மேலோரிடம் பேச ‘யூ’, கீழோரிடமும் நெருங்கியவரிடமும் ‘தௌ’ என்று பிரிந்தது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், ‘நீங்க’, ‘நீ’ வேறுபாடுதான்.

மரியாதைச் சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. யாரிடம் ‘நீ’ சொன்னால் தப்பாகுமோ என்ற தயக்கத்தில் எல்லாரிடமும் ‘நீங்கள்’ சொல்லிவிடுவது பாதுகாப்பு. ஆங்கிலத்தில் அது முழுமையாகவே நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுவழக்கிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. அதை ஒருவர் மீது வீசினால் அவமதிப்பு. 1603-ல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலி மீது நடந்த துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ‘உன்னை நீ என்றே சொல்கிறேன், துரோகியே’ என்று நீதிமன்றத்தில் கத்தினார். ஒரு வீரப்பெருமகனை ‘தௌ’ என்றதே அங்கே அடி. அதே கோக்தான் 1606 ஜனவரியில் கை ஃபாக்ஸ் மீதான வழக்கையும் நடத்தியவர். பிற்காலத்தில் ஓர் ஓட்டையை அடைக்கப்போகும் பெயர்க்காரர் குற்றவாளியாக நின்ற அதே ஆண்டுகளில் அந்த ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

‘தௌ’ போனதும் ஒருவருக்கும் ‘யூ’, ஆயிரம் பேருக்கும் ‘யூ’. ‘ஆர் யூ கமிங்?’ என்று நண்பர் கேட்டால், நான் மட்டுமா, குடும்பத்தோடா என்று தெரியாது. இந்தக் குறையைப் பேசுபவர்கள் சும்மா விட்டுவைக்கவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் ‘யூ ஆல்’ சுருங்கி ‘யால்’ ஆனது. அயர்லாந்தில் ‘யீ’, ‘யூஸ்’ இரண்டும் உண்டு. ஸ்காட்லாந்திலும் லிவர்பூலிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட ‘யூஸ்’ கேட்கும். பிட்ஸ்பர்க்கில் ‘யின்ஸ்’. இங்கிலாந்தில் ‘யூ லாட்’ என்பார்கள், அதில் கண்டிப்பின் சாயல் கொஞ்சம் கலந்திருக்கும். அமெரிக்காவின் வடக்கிலும் மேற்கிலும் ‘யூ கைஸ்’ வென்றது. 20-ஆம் நூற்றாண்டில் அது தொலைக்காட்சி வழியாகவும் இடம்பெயர்ந்தவர்கள் வழியாகவும் நாடெங்கும் பரவியது.

தமிழும் இதே வழியில் நடந்த மொழிதான். தொல்காப்பியத்தில் ஒருவரை அழைக்க ‘நீ’, பலரை அழைக்க ‘நீயிர்’. பிறகு வந்த ‘நீர்’ பன்மையாக இருந்து மரியாதை ஒருமையானது, யாழ்ப்பாணத்தில் ஒத்தவரிடம் இன்றும் அப்படியே வழங்குகிறது. பன்மை காட்டக் ‘கள்’ ஏறிய ‘நீங்கள்’ வந்தது, அதையும் மரியாதை பிடித்துக்கொண்டது. இப்போது பலர் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் ‘நீங்கள்லாம்’, ‘நீங்க எல்லாரும்’ என்கிறோம். ‘யூ’வோடு ஒட்டிய ‘கைஸ்’ செய்வது நம் ‘எல்லாரும்’ செய்யும் வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் பயன்பாட்டில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எங்கே யாரைக் குறிக்கும்?

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற நம் இலக்கணப் பகுப்பே இங்கே கைகொடுக்கிறது.

ஒருமையில் ‘கை’ எப்போதும் ஆண்பால். ‘ஹீ இஸ் எ நைஸ் கை’ என்றால் ‘நல்ல மனுஷன்’. பெண் ஒருவரை ‘நைஸ் கை’ என்று சொல்ல முடியாது. தமிழாக்கும்போது ‘பையன்’ என்று போடுபவர்கள் உண்டு. ஐம்பது வயதுக்காரரும் ‘கை’தான், ஆகவே அது பொருந்தாது. ‘அந்த ஆளு’ என்று போட்டால் தமிழில் எகத்தாளம் ஏறிவிடும், ஆங்கிலத்தில் அது அவ்வளவு இல்லை. பல இடங்களில் ‘அவர்’, ‘ஒருத்தர்’ என்பதே சரியான பெயர்ப்பு.

படர்க்கைப் பன்மையிலும் ஆண்வாடை போகவில்லை. ‘த்ரீ கைஸ் கேம் இன்’ என்று கேட்டவுடன் ஆங்கிலம் பேசுபவர் மனத்தில் தோன்றுவது மூன்று ஆண்கள். வந்தவர்களில் ஒருவர் பெண் என்றால் ‘த்ரீ பீப்பிள்’ என்று சொல்ல வேண்டும்.

முன்னிலையில் நேராக அழைக்கும்போது மட்டும் இது இருபாலருக்கும் பொதுவாகிறது. ‘கைஸ், லிசன்’, ‘ஆர் யூ கைஸ் ரெடி?’ என்று கலப்புக் குழுவையும் கேட்கலாம், பெண்கள் மட்டுமே உள்ள குழுவையும் கேட்கலாம். ‘நண்பன்’ ஆண்பால், ‘நண்பர்களே’ பலர்பால் என்பது நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் ‘அர்’ போன்ற விகுதி இல்லாததால் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது.

‘யூ கைஸ்’ வாக்கியத்தில் எங்கே வந்தாலும் உருமாறாது. எழுவாயிலும் அதே, ‘ஐ வில் கால் யூ கைஸ் டுமாரோ’ என்று செயப்படுபொருளிலும் அதே. ‘உங்கள்’ என்று வரும்போதுதான் தடுமாற்றம். ‘உங்கள் எல்லாருடைய கார்’ என்பதற்கு அமெரிக்கர்கள் பேச்சில் ‘யூ கைஸஸ் கார்’ என்றும் ‘யுவர் கைஸஸ் கார்’ என்றும் சொல்லக் கேட்கலாம். பேச்சில் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம், எழுத்தில் பயன்படுத்தவும் வேண்டாம். ‘யுவர் கார்’ போதும். பன்மை தெரிய வேண்டுமானால் ‘த கார் யூ கைஸ் பாட்’ என்று வாக்கியத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இன்னொரு நுட்பம்: பழைய ஒருமை பன்மை வேறுபாடு ‘யுவர்செல்ஃப்’, ‘யுவர்செல்வ்ஸ்’ என்ற இணையில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. விருந்தில் பலரிடம் ‘எடுத்துச் சாப்பிடுங்க’ என்று சொல்ல ‘ஹெல்ப் யுவர்செல்வ்ஸ், கைஸ்’. அங்கே ஒருமை வடிவம் வந்தால் பிழை.

ஒரே ஒருவரிடம் ‘ஹாய் கைஸ்’ சொல்லாதீர்கள். பன்மை மரியாதையாகும் நம் பழக்கத்தால் இந்தப் பிழை நேர்கிறது. ஆங்கிலத்தில் கேட்பவர் தம் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். அதற்காக ‘ஹே கை’ என்று ஒருமையில் அழைத்தாலும் சரிவராது, முகம் தெரியாதவனை அதட்டிக் கூப்பிடுவதுபோல் இருக்கும். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் ‘எக்ஸ்க்யூஸ் மீ’.

மரியாதை எவ்வளவு?

அமெரிக்க உணவகத்தில் பரிமாறுபவர் உங்கள் பெற்றோரைப் பார்த்து ‘ஹவ் ஆர் யூ கைஸ் டூயிங்?’ என்று கேட்பார். அதில் அவமரியாதை எதுவுமில்லை, ‘எல்லாரும் எப்படி இருக்கீங்க’ என்ற அளவுதான். அதற்காக அதே தொனியை நாம் எல்லா இடத்திலும் எடுத்துப் போக முடியாது. பேராசிரியருக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும் மின்னஞ்சல், நேர்முகத் தேர்வு, அறிமுகமில்லாத நிறுவனத்துக்கான விண்ணப்பம் ஆகியவற்றில் ‘கைஸ்’ வேண்டாம். ‘டியர் கைஸ்’ என்பது பட்டுவேட்டிக்கு மேல் பனியன் போட்டதுபோல, இரண்டும் ஒட்டாது.

பணியிடத்தில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஒருமையில் ஆணை மட்டும் குறிக்கும் சொல்லால் பெண்களையும் சேர்த்து அழைப்பது சரியா? கலப்புக் குழுவை ‘கேர்ள்ஸ்’ என்று அழைத்தால் ஆண்கள் ஏற்பார்களா என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பேச்சில் அது பலர்பாலாகிவிட்டது என்பவர்கள் சொல்வதும் உண்மை. எங்கள் கருத்து நடைமுறை சார்ந்தது. நண்பர்களிடையே தயங்காமல் சொல்லுங்கள். ஒரு குழுவில் ஒருவர் விரும்பவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு வினாடிதான் ஆகும். முதல் முறை எழுதும்போது ‘ஹாய் ஆல்’, ‘ஹலோ எவ்ரிஒன்’ போதும். கொஞ்சம் கனிவு வேண்டுமானால் ‘ஃபோக்ஸ்’. பெறுபவர் இரண்டு பேர்தான் என்றால் இருவர் பெயரையும் எழுதிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

சில சேர்க்கைகள்

‘ஐ ஹேவ் எ கை’ என்று ஒருவர் சொன்னால், ‘அதுக்கு நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கார்’ என்று பொருள். குழாய் ரிப்பேர், பழைய கார், கணக்கு வழக்கு எதற்கும் பொருந்தும். ‘வைஸ் கை’ அறிவாளி அல்ல, அதிகப்பிரசங்கி. ‘ஃபால் கை’ பிறர் செய்த தப்புக்கு மாட்டிக்கொள்ளும் பலிகடா. நாய்க்குட்டியையும், தொட்டிச் செடியையும், கழன்று விழுந்த திருகாணியையும்கூட ‘திஸ் லிட்டில் கை’ என்று செல்லமாகச் சொல்வார்கள். அப்போது பால் கணக்கில்லை.

கூடாரத்தையும் கம்பத்தையும் இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தான். மின்வாரியத்தார் ‘ஸ்டே கம்பி’ என்று சொல்வதற்கு அங்கே ‘கை வயர்’ என்று பெயர். அதற்கும் ஃபாக்ஸுக்கும் தொடர்பில்லை. வழிகாட்டுவது என்ற பொருள்கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல் கப்பல் வழியாக வந்தது. அதேபோல் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர் இந்த எழுத்துகளில் இருந்தால் அதைக் ‘கீ’ என்று படிக்க வேண்டும்.

தமிழ் இந்தச் சொல்லை முழுதாகக் கடன் வாங்கவில்லை. ஒருமை நமக்குத் தேவைப்படவில்லை. ஆளு, பய, பையன், மனுஷன் என்று நம்மிடம் போதுமான சொற்கள் உண்டு. எடுத்துக்கொண்டது விளி மட்டும். அதனால்தான் தமிழில் ‘கைஸ்’ வேற்றுமை உருபை அநேகமாக ஏற்பதில்லை. ‘கைஸுக்குச் சொன்னேன்’, ‘கைஸோட வந்தேன்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘கைஸ்’ என்று கூப்பிட்ட கையோடு ‘பாருங்க’, ‘சொல்லுங்க’ என்று நம் பன்மை வினை வந்துவிடுகிறது. அந்த ‘ங்க’ இருக்கும் இடத்தில் ‘மக்களே’ என்றாலும் ‘கைஸ்’ என்றாலும் வாக்கியம் ஒன்றுபோலவே நிற்கும்.